டெனரைப் பாடிக் காட்டு: ஒரு ஹார்மனி அரியர் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 மே முதல் வாரம். வெயில் ஏறுவதற்கு முன்பே இராமநாதபுரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். தங்கச்சிமடத்திலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பியிருக்கிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் நான்காம் செமஸ்டர் ஹார்மனி பேப்பரின் இன்டெர்னல் விடைத்தாள். கொடுத்த மெட்டுக்கு நான்கு குரல் (மேலிருந்து கீழே சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்) எழுத வேண்டும், மொத்தம் 8 பார், அதாவது 8 தாளக் கட்டங்கள். அந்த 8 பாருக்குள் 11 சிவப்பு வட்டங்கள். பக்கத்தில் 'பேரலல் 5', 'பேரலல் 8' என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. மேலே 25-க்கு 9.

"மாஸ்டர், இதை வாசிச்சா நல்லாத்தானே இருக்கு?" என்றான். உட்காரக்கூட இல்லை.

வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எந்தக் கிறிஸ்தவக் கோவிலில் வாசித்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'தப்பு, ஆனால் நன்றாக இருக்கிறது' என்ற இந்த இடத்தில்தான் மேற்கத்திய இசைப் பட்டம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். அடுத்த ஆறு மாதம் அவனோடு சேர்ந்து செய்ததை, நான் செய்த பிழைகளையும் விடாமல், இங்கே எழுதுகிறேன். அவனும் வீட்டாரும் எழுதச் சொன்னார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள். ஆகவே அவன் இங்கே 'தம்பி'.

பையனும் கீபோர்டும்

தம்பியின் அப்பா விசைப்படகு டிரைவர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், நான் சொல்லும் நாட்களில் அவர் வீட்டில் இருந்தார். ஆள் வீட்டில் இருந்தால் காசு வீட்டில் இல்லை என்று பொருள். நான் முதல் முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது வலை கிழிசலைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "அரியர்னா என்ன சார், மறுபடி பணம் கட்டணுமா?" கட்ட வேண்டும், ஆனால் பெரிய தொகை இல்லை என்று சொன்ன பிறகுதான் டீ வந்தது.

தம்பி 12 வயதிலிருந்து கோவிலில் கீபோர்டு வாசிக்கிறான். காது நல்ல காது. புதுப் பாட்டு ஒன்றை ஒரு தடவை கேட்டால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்துவிடுவான். கீபோர்டில் தானாக ஓடும் ஸ்டைல் போட்டு, இடது கையில் கார்டு, வலது கையில் மெட்டு. பாடுகிறவர் சுருதி உயர்த்தினால் டிரான்ஸ்போஸ் பட்டன். கடற்கரைக் கோவில்களில் வாசிக்கும் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் வளர்கிறார்கள். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அப்புறம் சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தில் மூன்றாண்டு இசைப் பட்டப் படிப்பு, மேற்கத்திய இசைப் பிரிவு. ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டதற்கு, இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்வது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் என்றான். நல்ல காரணம். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை கற்றுக்கொண்டது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குலக்கதை மாதிரி.

முதலாண்டில் தியரி அடிப்படை, வரலாறு, வாத்தியம் எல்லாம் தேறினான். இரண்டாம் ஆண்டில் ஹார்மனியும் கவுன்டர்பாயின்ட்டும் (ஒரு மெட்டோடு சேர்ந்து நகரும் இன்னொரு மெட்டை எழுதுவது) வந்ததும் கால் இடறியது. ஜூனில் வந்த ரிசல்ட்டில் எக்ஸ்டெர்னல் 75-க்கு 19. தேற 30 வேண்டும்.

சிவப்பு வட்டத்துக்குள் என்ன இருந்தது

11 வட்டங்களையும் ஒரு தாளில் தனியாக எழுதிப் பார்த்தேன். 9 இடத்தில் ஒரே தவறு, வேறு வேறு சுருதியில். அதில் ஒன்றை விரித்துக் காட்டுகிறேன். நம் வாசகர்களுக்குச் சங்கராபரணத்துச் சுரங்களிலேயே சொல்லிவிடலாம். சி மேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ் ம-விலிருந்து ப-வுக்குப் போகிறது. அதாவது நான்காம் கார்டிலிருந்து ஐந்தாம் கார்டுக்கு. தம்பி எழுதியது: முதல் கார்டில் பேஸ் ம, டெனர் ச, ஆல்ட்டோ ம, சொப்ரானோ த. அடுத்த கார்டில் பேஸ் ப, டெனர் ரி, ஆல்ட்டோ ப, சொப்ரானோ நி. நான்கு குரலும் ஒரு படி மேலே ஏறியிருக்கின்றன, ஒரு குடும்பமே மாடிப்படி ஏறுவது போல. பேஸுக்கும் டெனருக்கும் நடுவே ம–ச என்ற ஐந்தாம் இடைவெளி அப்படியே ப–ரி ஆகிவிட்டது. அதுதான் பேரலல் ஃபிஃப்த். பேஸும் ஆல்ட்டோவும் ம–ம, ப–ப. அது பேரலல் ஆக்டேவ்.

பாடப்புத்தகம் எதிர்பார்ப்பது: பேஸ் ம–ப என்று ஏறும்போது மேலே உள்ள மூன்றும் இறங்க வேண்டும். டெனர் ச-விலிருந்து நி-க்கு, ஆல்ட்டோ ம-விலிருந்து ரி-க்கு, சொப்ரானோ த-விலிருந்து ப-வுக்கு. கார்டு அதே கார்டுதான். கேட்டால் முதலில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டாம் முறை கேட்டால் உள்ளே யாரோ நகர்வது தெரியும்.

கீபோர்டில் அவன் கை எப்படி வைக்கிறான் என்று பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. வலது கையில் மூன்று விரல் ஒரு வடிவத்தில் இறுகி நிற்கிறது. கார்டு மாறும்போது அந்த வடிவம் கலையாமல் அப்படியே நகர்கிறது. இடது கை மூல சுரத்தை அழுத்துகிறது. இப்படி வாசித்தால் அடுத்தடுத்த கார்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பேரலல் ஃபிஃப்த்தும் ஆக்டேவும் தானாக விழும். அவன் நான்கு குரல் எழுதவில்லை; தன் கை வாசித்ததைத் தாளில் இறக்கி வைத்திருந்தான்.

"டெனரை மட்டும் பாடிக் காட்டு" என்றேன்.

முழித்தான். சொப்ரானோவைப் பாடினான், அது கொடுத்த மெட்டு. பேஸைச் சுலபமாகப் பாடினான். அதைக் கேட்டுத்தானே வளர்ந்தான். டெனர் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு அன்றுதான் உறைத்தது. தான் எழுதியதைத் தானே பாட முடியவில்லை.

காது சொல்வதும் சரிதான்

இங்கே அவசரப்பட்டு 'பழக்கதோஷம்' என்று முடித்துவிடக் கூடாது. இணை ஐந்து, அதாவது பேரலல் ஃபிஃப்த், நன்றாக இருக்கிறது என்று அவன் காது சொன்னதற்கு ஒரு நியாயம் உண்டு. கோவிலில் ஆண்களும் பெண்களும் ஒரே பாட்டை ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடுகிறார்கள். அது முழுக்க முழுக்கப் பேரலல் ஆக்டேவ். மேல் சுரம் எட்டாத பெரியவர் ஒருவர் தெரியாமலே ஐந்து சுரம் கீழே பாடிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூட உறுத்தாது. நம் சங்கீதம் முழுவதும் சுருதிப்பெட்டியின் ச–ப மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பாவிலேயே 9ஆம் நூற்றாண்டில் துறவிகள் ஒரு மெட்டுக்கு இணையாக நான்காம், ஐந்தாம் சுரத்தில் இன்னொரு குரலை ஓட்டிப் பாடியது ஏட்டில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் தடை? வகுப்பில் அவனுக்குச் சொல்லப்பட்ட பதில், 'அது ரூல்'. இப்படிப் பாடம் நடத்துவது எனக்குக் கோபத்தை வரவழைக்கும் விஷயம். 27 விதிகளை ஒரு நோட்டில் எழுதவைத்திருக்கிறார்கள். ஒன்றையும் யாரும் பாடிக் காட்டவில்லை.

நான் வீட்டுத் தம்புராவை எடுத்தேன். ஒரு தந்தியை மீட்டி, காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். ஒரே தந்தி. ஆனால் அதற்குள் மேல் ஸ்தாயி இருக்கிறது, அதற்கு மேல் ப இருக்கிறது, சுருதி சுத்தமாகச் சேர்ந்தால் அந்தர காந்தாரம்கூட எழும். ஒரு தந்தி துடிக்கும்போது அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் கூடவே வருவதால் இப்படி. அதாவது பேஸ் பாடுகிறவரின் குரலுக்குள்ளேயே அவருடைய ஸ்தாயியும் ஐந்தாம் சுரமும் ஏற்கெனவே ஒலிக்கின்றன. இன்னொருவர் வந்து அதே ஐந்தாம் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அவரோடு ஏறி அவரோடு இறங்கினால், அவர் குரல் பேஸுக்குள் கரைந்துவிடும். நான்கு பேர் பாடுகிறார்கள், கேட்பவருக்கு மூன்று பேர்தான் கேட்கிறார்கள்.

"அப்ப சத்தம் மோசமா இருக்கும்ங்கிறது இல்ல, ஒரு ஆள் காணாமப் போயிடறான்ங்கிறதுதான் பிரச்சினை" என்றான் தம்பி. ஆமாம். கோவில் கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலாக வேண்டும் என்பதுதான் நோக்கம், அங்கே கரைவது நல்லது. நான்கு குரல் எழுத்தில் நான்கு பேரும் இருந்தாக வேண்டும்.

என் இரண்டு வாரப் பிழை

விளங்கியது. ஆனால் விளங்கியது கைக்கு வரவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். அடுத்த இரண்டு வாரம் நானும் அந்தக் கல்லூரி செய்ததையே வேறு விதமாகச் செய்தேன். ஆறு குரல் ஜோடிகளையும் வரிசையாகச் சோதிக்க ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன்: பேஸ்–டெனர், பேஸ்–ஆல்ட்டோ, பேஸ்–சொப்ரானோ, டெனர்–ஆல்ட்டோ, டெனர்–சொப்ரானோ, ஆல்ட்டோ–சொப்ரானோ. எழுதி முடித்ததும் பென்சிலால் ஒவ்வொரு ஜோடியாகப் பார். தவறு இருந்தால் திருத்து.

திருத்தினான். டெனரைத் திருத்தினால் டெனர்–ஆல்ட்டோவில் புதிதாக ஒன்று முளைத்தது. அதைத் திருத்தினால் ஆல்ட்டோ ஆறு சுரம் தாவியது. அப்புறம் மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் எழுதி, இணை ஐந்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு பிளக்இன்னைப் போட்டு ஓட்ட ஆரம்பித்தான். சிவப்புக் குறி போகும்வரை சுரத்தை மாற்று, மறுபடி ஓட்டு. நான்கு நாளில் தவறே இல்லாத 16 பார் கொண்டுவந்தான். விதிப்படி சுத்தம். வாசித்தால் கல்லறை மாதிரி இருந்தது. முதலில் கொண்டுவந்த 11 வட்டத் தாளே இதைவிட இசையாக இருந்தது. அதைவிட, தேர்வு அறையில் பிளக்இன் கிடையாது.

ஒரு காலை, மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கூட்டிப்போனேன். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், கரைவலை நடக்கும். வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு, இரண்டு கயிற்று முனைகளைக் கரையில் இரண்டு கூட்டம் தனித்தனியே பிடித்து இழுக்கும். முதலில் இருவருக்கும் நடுவே நீண்ட தூரம். இழுக்க இழுக்க இந்தக் கூட்டம் அந்தப் பக்கமும் அந்தக் கூட்டம் இந்தப் பக்கமுமாக நகர்ந்து நெருங்கிவரும். கயிறு இடுப்பில் மாட்டிய பட்டையை அழுத்த, குதிகால் மணலில் புதைய, பின்னால் சாய்ந்து சாய்ந்து நடப்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். "பார், எதிரெதிராக வருகிறார்கள், ரெண்டு பேரும் ஒரே பக்கம் போனால் வலை மூடுமா" என்று எதிர்த்திசை நகர்வுக்கு இதை உதாரணமாகச் சொன்னேன். எனக்கே என் உவமை ரொம்பப் பிடித்திருந்தது. தம்பி சிரித்தான். கரைவலையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவனுக்கு நான் போய் விளக்குகிறேன். அந்த உவமை அவனுக்கு ஒரு பார் எழுதக்கூட உதவவில்லை. பொடி மீன் மட்டும் ஒரு கூறு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

கரகரப்ரியாவில் ஒரு காகலி

ஜூன் முதல் வாரம் தாளையும் பென்சிலையும் ஓரம் வைத்தோம். நான்கு குரலை விட்டுவிட்டு இரண்டு குரலுக்கு வந்தோம். கார்டு என்ற பேச்சே கிடையாது. 1725இல் யோஹான் யோசஃப் ஃபுக்ஸ் லத்தீனில் எழுதிய கவுன்டர்பாயின்ட் நூலின் முறை அது. அந்த நூல் குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் உரையாடலாக இருப்பது நம் ஆட்களுக்குப் பிடிக்கும். குருவாகப் பேசுபவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவின் உருவம், சீடன் ஃபுக்ஸ். ஹைடன் அதை வைத்துத் தானே படித்தார், மோட்சார்ட் அதை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒரு நிலை மெட்டு கொடுக்கப்படும். அதற்கு மேலோ கீழோ இன்னொரு குரல் எழுத வேண்டும். முதலில் ஒரு சுரத்துக்கு ஒரு சுரம், அடுத்து ஒன்றுக்கு இரண்டு, அடுத்து நான்கு, நான்காவது வகையில் சுரத்தை இழுத்துப் பிடித்து உரசவிடுவது, ஐந்தாவதில் எல்லாம் கலந்து.

அவருடைய முதல் நிலை மெட்டு டோரியன் என்ற பழைய ஐரோப்பிய சுரவரிசையில் இருக்கிறது. டி-யை ச என்று வைத்தால் அந்தச் சுரவரிசை நம் கரகரப்ரியாதான். மெட்டு இது: ச க ரி ச ம க ப ம க ரி ச. நான் இதைப் பாடினேன். தம்பி மேல்குரலைத் தாளில் எழுதக் கூடாது, பாடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் என் சுரத்தோடு சேர வேண்டும். என்னைப் பின்தொடர்ந்து ஐந்திலோ எட்டிலோ ஓடக் கூடாது. பெரும்பாலும் அடுத்த சுரத்துக்கே போக வேண்டும்.

முதல் நாள் மூன்று சுரத்துக்கு மேல் தாண்டவில்லை. நான் ஏறினால் அவனும் ஏறிவிடுவான், குரல் தானாக இழுத்துக்கொண்டு போகும். மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தான். ஆறாம் நாள் கடைசிவரை வந்தான். அப்புறம்தான் ஃபுக்ஸ் போட்ட விடையைக் காட்டினேன்: ப ப ம ப த நி நி த ச நி ச. கடைசிக்கு முந்தின நி மட்டும் காகலி, அதாவது அரைச் சுரம் உயர்ந்த நி.

"கரகரப்ரியாவில காகலி நிஷாதமா? எங்க கர்நாடக வகுப்பு மேடம் அடிச்சிருவாங்க" என்றான். அவன் சொன்னது சரி. ராகத்தின் கண்ணில் அது அந்நிய சுரம். இங்கே அது வருவது, கீழ்க்குரல் ரி–ச என்று இறங்கி முடியும்போது மேல்குரல் அரைச் சுரம் தள்ளி நின்று ச-வுக்குள் வந்து விழ வேண்டும் என்பதால். ராகம் ஒற்றைக் குரலின் சட்டம்; இது இரண்டு குரல் சந்திக்கும் இடத்தின் சட்டம். இந்த ஒரு சுரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். ஆறு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த மணி நேரம் அது.

தங்கச்சியின் புகார்

இரண்டு குரல் பழகியதும் நான்குக்குத் திரும்பினோம், இம்முறை ஆட்களோடு. சொப்ரானோ, பக்கத்து வீட்டு அக்கா. ஆல்ட்டோ, தம்பியின் தங்கச்சி, பிளஸ் டூ. டெனர் தம்பியே. பேஸ் நான், குரல் இருக்கும் அளவுக்கு. மாலையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில், கச்சான் காற்று மணலை வாரித் தாளில் போட, ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு பாடினோம்.

அவன் எழுதிக்கொண்டுவந்த முதல் நான்கு குரல் பாட்டை முடித்ததும் தங்கச்சி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "என்னைய ஏழு தடவ ஒரே சுரத்தில நிக்க வச்சுட்டு, எட்டாவது தடவ மேல குதிக்கச் சொல்ற. நீ பாடுவியா இத?"

எந்தப் பேராசிரியரும் எழுதாத மதிப்பீடு. ஒரே சுரத்தில் நிற்பது விதிப்படி தவறில்லை. தாவலும் அனுமதிக்கப்பட்ட தாவல்தான். ஆனால் பாடுகிறவளுக்கு அது வேலை இல்லாத வேலை. அன்று இரவு ஆல்ட்டோவை மட்டும் முதலில் பாடிவிட்டு எழுதியிருக்கிறான். மறுநாள் கொண்டுவந்ததில் பேரலல் ஃபிஃப்த் ஒன்றே ஒன்று. அதையும் பாடும்போதே அவனே பிடித்துவிட்டான். "டெனர் எங்க போச்சு?" என்று பாதியில் நிறுத்திக் கேட்டான். பட்டியல் இல்லை, பிளக்இன் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சியும் தங்கச்சியின் தீர்ப்புக்குப் போனது. நான்காம் வகைக் கவுன்டர்பாயின்ட் வந்தபோது மட்டும் அவளும் திணறினாள். கீழே ரி, மேலே அவள் நி. கீழ்க்குரல் ச-வுக்கு இறங்கும்போது அவள் நி-யை விடாமல் பிடித்திருக்க வேண்டும், உரசும், அந்த உரசல் கேட்ட பிறகு த-வுக்கு இறங்க வேண்டும். அவள் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே இறங்கிவிட்டாள். "பல்லு கூசுது மாஸ்டர்" என்றாள். கூச வேண்டும், அதற்குத்தான் அது. கூச்சம் வரும்வரை பொறுத்து, வந்த பிறகு இறங்கிப் பார் என்றேன். நாலாவது முறை பிடித்தாள். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த அவள் அப்பா ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப ஊசியை ஓட்டினார்.

நோட்டு சுரத்தில் ஒரு பயிற்சி

கல்லூரி திறக்கும் முன் கடைசியாகக் கொடுத்த பயிற்சி முத்துசுவாமி தீட்சிதருடையது. தீட்சிதர் (1775–1835) மணலியில் இருந்த காலத்தில் கோட்டை பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருத சாகித்யம் போட்டார். நோட்டு சுர சாகித்யம் என்கிறோம், சுமார் 40 இருக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான். அந்தக் கப்பலில் மெட்டு மட்டும் இறங்கியது, ஹார்மனி இறங்கவில்லை. அதற்கு அவருக்குத் தேவையும் இல்லை. இந்த மெட்டுக்கு நீ நான்கு குரல் எழுது, ஆங்கிலேயர் எழுதியதைப் பார்க்காதே என்றேன்.

இரண்டு நாளில் எழுதினான். அச்சில் உள்ள நான்கு குரலோடு ஒப்பிட்டால் பாதி இடத்தில் அதே கார்டுகள். பாதி இடத்தில் வேறு. அதில் ஒன்று அச்சில் இருப்பதைவிட எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தாம் கார்டு ஒன்றாம் கார்டுக்குப் போகாமல் ஆறுக்குப் போகிறது. பேஸ் ப–த என்று ஏற, சொப்ரானோ நி–ச என்று ஏற, நடுவில் இரண்டும் இறங்குகின்றன: டெனர் ரி–ச, ஆல்ட்டோ ப–க. மூன்றாம் சுரம் இரட்டிப்பாகிறது, அதனால்தான் இணை ஐந்து தப்புகிறது. இந்த இடத்தைப் புத்தகம் ஒரு தனி விதியாகச் சொல்லும். அவன் அந்த விதியைக் கேட்டதே இல்லை. ஆல்ட்டோவுக்குக் குரல் கீழே போக வசதியாக இருந்தது, போனான்.

ஜூலை, நவம்பர்

ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், ஒரு பாட்டுக்கு நான்கு குரல் எழுதிக் கோவில் பாடற்குழுவுக்குக் கொடுத்தான். 12 பேர் ஒரு வாரம் பழகினார்கள். விழா அன்று முதல் சரணம் அருமையாக வந்தது. இரண்டாம் சரணத்தில் கூட்டம் முழுவதும் மெட்டைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாடியது, ஆண்கள் கீழ் ஸ்தாயியில், பெண்கள் மேல் ஸ்தாயியில். ஆல்ட்டோவும் டெனரும் கடலில் போட்ட உப்பு. தங்கச்சிக்கு மகா கோபம். தம்பி கீபோர்டில் சத்தமில்லாமல் ஸ்டைலைப் போட்டுவிட்டு எல்லாரோடும் போய்விட்டான். அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். மூத்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

நவம்பரில் அரியர் எழுதினான். 75-க்கு 38. பெரிய மதிப்பெண் இல்லை. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்ததில் இரண்டு இணை ஐந்து, இரண்டும் கடைசிப் பக்கத்தில், நேரம் நெருக்கிய இடத்தில். அங்கே கை மறுபடி பழைய வடிவத்துக்குப் போய்விட்டது தெளிவாகத் தெரிந்தது. அவசரத்தில் குரல் போய்விடுகிறது, கை வந்துவிடுகிறது. தேர்வு அறையில் வாய்விட்டுப் பாட முடியாது என்பதும் ஒரு காரணம். உதடு அசையாமல் உள்ளுக்குள் பாடுவது தனிப் பயிற்சி. அதற்கு நான் நேரம் ஒதுக்கவில்லை. அது என் கணக்கில் எழுத வேண்டிய இரண்டாவது பிழை.

இதையெல்லாம் ஒருவனை வைத்துச் சொல்கிறேன். நல்ல காதும், பாடத் தயங்காத குடும்பமும், ஆல்ட்டோ குரலில் ஒரு தங்கச்சியும் எல்லா மாணவருக்கும் வாய்க்காது. தங்கச்சி இல்லாத இடத்தில் போனில் ஒரு குரலைப் பதிவுசெய்து வைத்து அதோடு பாடலாம். இப்போது கீழக்கரையிலிருந்து வரும் ஒரு மாணவியோடு அப்படித்தான் செய்கிறேன், வேலை நடக்கிறது, கொஞ்சம் மெதுவாக. அவளுக்கு முதல் மாதம் பென்சிலே கிடையாது.

தம்பி இப்போது ஃபியூக் (ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்தடுத்த குரல்கள் வாங்கித் தொடரும் வடிவம்) படிக்கிறான். போன வாரம் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் படம் வந்தது. முதல் குரல் ச–ப என்று தாவித் தொடங்குகிறது. பதில் குரல் அதை அப்படியே ஐந்து சுரம் மேலே தூக்கினால் ப–ரி என்று வர வேண்டும். ஆனால் புத்தகத்தில் ப–ச என்று இருக்கிறது. "இது மட்டும் ஏன் மாஸ்டர் குறையுது?"

தங்கச்சியை ச–ப பாடச் சொல்லி, நீ முதலில் ப–ரி பாடு, அப்புறம் ப–ச பாடு, எது வீடு மாதிரி இருக்கிறது, எது ஊர் விட்டு ஊர் போன மாதிரி இருக்கிறது என்று சொல் என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.